ஆதார், பான் போட்டோக்களை பிடிஎஃப் ஆக்கும்போது உங்கள் ஃபைல் எங்கே போகிறது? இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

புது வேலையில் சேரப் போகிறீர்கள். எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. ஆதாரின் இரண்டு பக்கங்கள், பான், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டிகிரி சான்றிதழ், அதன் மதிப்பெண் பட்டியல், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, கேன்சல் செய்த காசோலை. எல்லாம் ஒரே பிடிஎஃப்-ஆக, 2 எம்.பி.-க்குள், இன்று மாலைக்குள் வேண்டும். உங்கள் கையில் இருப்பதோ போனில் எடுத்த 11 போட்டோக்கள்.

அடுத்து நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கூகுளில் 'ஜேபிஜி டு பிடிஎஃப்' என்று தட்டுவோம். முதலில் வரும் இணையதளத்தைத் திறந்து 11 படங்களையும் அதில் போடுவோம். ஒரு நிமிடத்தில் பிடிஎஃப் வந்துவிடும். அதை அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் படங்கள் உங்கள் போனை விட்டு வெளியே போனதா, இல்லையா? பெரும்பாலானோருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள முடியும் என்பதும் தெரியாது. ஆனால் இதற்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. இணையதளம் கொடுக்கும் வாக்குறுதியை நம்பவும் வேண்டியதில்லை. நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம்.

பார்க்க ஒரே மாதிரி, ஆனால் இரண்டு வகை

படத்தை பிடிஎஃப் ஆக்கும் இணையதளங்களில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் உங்கள் படம் இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கே பிடிஎஃப் தயாராகும். அதை டவுன்லோட் செய்ய உங்களுக்கு ஒரு லிங்க் வரும். உங்கள் ஆதாரின் ஒரு பிரதி இப்போது வேறொருவரின் கணினியில் இருக்கிறது. 'ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்' என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். உண்மையிலேயே அழித்தும் இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் பார்க்க முடியாது.

இரண்டாவது வகையில் படம் எங்கேயும் போகாது. பக்கத்தைத் திறக்கும்போதே, பிடிஎஃப் தயாரிக்கும் ஒரு சின்ன புரோகிராம் உங்கள் பிரௌசருக்குள் வந்து இறங்கிவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படத்தை அது உங்கள் போன் அல்லது லேப்டாப்பின் நினைவகத்திலேயே வைத்து வேலையை முடித்துவிடும்.

ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வகை, ஒரிஜினல்களைக் கடையில் கொடுத்துவிட்டு, 'போட்டு வையுங்கண்ணே, அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வருவது. இரண்டாவது வகை, ஜெராக்ஸ் மெஷினையே வீட்டுக்கு வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நாமே போட்டுக்கொள்வது.

சிக்கல் என்னவென்றால், திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே 'டிராக் அண்ட் டிராப்' பெட்டி, அதே நீல நிற பட்டன், அதே டவுன்லோட்.

அப்லோட் ஆனால்தான் என்ன?

'என் ஆதார் ஏற்கெனவே எங்கெங்கோ இருக்கு, இதுல என்ன புதுசா போயிடப் போகுது?' இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹோட்டல் முதல் சிம் கார்டு கடை வரை நாம் கொடுத்து வைத்திருக்கும் நகல்களுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் இங்கே போவது ஒற்றை நகல் இல்லை. ஆதார், பான், கையெழுத்து, வங்கிக் கணக்கு எண், சம்பளம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே கட்டாகப் போகிறது. உங்கள் பெயரில் இன்னொருவர் கடனுக்கோ சிம்முக்கோ விண்ணப்பிக்கத் தேவையான பெரும்பாலான விவரங்கள் அதில் இருக்கின்றன. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிவிடலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது. ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டைப் போல நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது.

இது வெறும் பயமுறுத்தலும் இல்லை. 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐ-யின் டென்வர் அலுவலகம் இலவச ஆன்லைன் ஃபைல் கன்வெர்ட்டர்கள் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இவற்றில் சில, சொன்ன வேலையைச் சரியாகவே செய்து கொடுத்துவிட்டு, திருப்பித் தரும் ஃபைலில் மால்வேரைச் சேர்த்து அனுப்புகின்றன. போட்ட ஃபைலில் இருக்கும் அடையாள எண்கள், வங்கி விவரங்கள் போன்றவற்றையும் உருவிக்கொள்கின்றன என்பதுதான் அந்த எச்சரிக்கை. வேலை ஒழுங்காக முடிந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இந்தியாவில் பலருக்கு நினைவிருக்கும் பெயர் கேம்ஸ்கேனர். 2019 ஆகஸ்டில், இந்தச் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் இருந்த ஒரு விளம்பரத் தொகுப்புக்குள் தீங்கான நிரல் இருப்பதாக காஸ்பர்ஸ்கை நிறுவனம் தெரிவித்தது. கூகுள் செயலியை பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. வெளியாரிடமிருந்து வந்த விளம்பரத் தொகுப்புதான் காரணம் என்று விளக்கம் சொன்ன நிறுவனம், அதை அகற்றிய பிறகு செயலி மீண்டும் பிளே ஸ்டோருக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளின் பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. அதுவரை லட்சக்கணக்கானோர் தங்கள் சான்றிதழ்களை அதில்தான் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆதார் நகல் விஷயத்தில் அரசுத் தரப்பே குழம்பிய சம்பவமும் உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' பயன்படுத்துங்கள், பிரௌசிங் சென்டர் கணினியில் இ-ஆதாரை டவுன்லோட் செய்வதைத் தவிருங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. அறிவிப்புதான் போனது, மாஸ்க்டு ஆதார் வசதி இன்றும் இருக்கிறது.

சர்வர் இல்லாமல் இது எப்படி முடிகிறது?

படத்தை பிடிஎஃப் ஆக்குவது நாம் நினைப்பதைவிட மிக எளிய வேலை.

பிடிஎஃப் என்பது 1993-ல் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஃபைல் வடிவம். 2008-ல் அது ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமானது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் கொடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதை ஒரு டிபன் கேரியர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு பக்கம். அதற்குள் எழுத்தையும் வைக்கலாம், படத்தையும் வைக்கலாம். ஜேபிஜி படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே உள்ளே வைக்க பிடிஎஃப் அனுமதிக்கிறது. 3 எம்.பி. ஜேபிஜி-யை பிடிஎஃப் ஆக்கினால் பெரும்பாலும் அதே 3 எம்.பி. வருவதற்குக் காரணம் இதுதான். உள்ளே இருப்பது அதே படம். வெளியே சில வரி விவரங்கள் மட்டும் கூடுதல்: பக்கத்தின் அளவு இவ்வளவு, படம் இந்த இடத்தில் உட்கார வேண்டும், மொத்தம் இத்தனை பக்கம்.

இந்தச் சில வரிகளை எழுத ஒரு சர்வர் தேவையே இல்லை. ஜேஎஸ்பிடிஎஃப், பிடிஎஃப்-லிப் போன்ற இலவச ஓப்பன் சோர்ஸ் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் பிரௌசருக்குள்ளேயே இதைச் செய்துவிடும்.

'அப்படின்னா ஒரு வெப்சைட் என் போன்ல இருக்கிற எல்லா படத்தையும் படிச்சிடுமா?' என்று கேட்கலாம். படிக்காது. இணையப் பக்கம் தானாக உங்கள் ஃபைல்களுக்குள் கை விட பிரௌசர் அனுமதிப்பதில்லை. நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஃபைலை மட்டும்தான் அது படிக்க முடியும். ஆனால் கொடுத்த பிறகு அதை உள்ளேயே வைத்திருப்பதா, வெளியே அனுப்புவதா என்பது அந்தப் பக்கத்தின் கையில்தான். ஒவ்வொரு முறையும் பிரௌசர் உங்களிடம் அனுமதி கேட்காது.

வேர்டு ஃபைலை பிடிஎஃப் ஆக்குவது, ஸ்கேன் செய்த பக்கத்தில் உள்ள எழுத்துகளைப் படித்தெடுப்பது போன்ற கனமான வேலைகளுக்கு சர்வரை நாடுவது வழக்கம். படத்தை பிடிஎஃப் ஆக்க அந்த அவசியம் இல்லை. அதனால், இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது 'அப்லோட் செய்யாத டூல் எது' என்று தேடுவது முழுக்க நியாயமான எதிர்பார்ப்பு.

இரண்டு நிமிடச் சோதனை

முதலில் ஆதாரை எடுக்காதீர்கள். சுவர், செடி என்று ஏதாவது ஒரு படத்தை வைத்துச் சோதியுங்கள்.

1. இன்காக்னிட்டோ விண்டோவில் அந்த இணையதளத்தைத் திறந்து, பக்கம் முழுதாக வரும் வரை காத்திருங்கள்.

2. இப்போது நெட்டை அணையுங்கள். போனில் ஃபிளைட் மோட் போட்டாலும் வைஃபை சில சமயம் இணைந்தே இருக்கும். அதையும் பார்த்து அணைத்துவிடுங்கள்.

3. படத்தைப் போட்டு, 'கன்வெர்ட்' அழுத்தி, டவுன்லோட் செய்யுங்கள். பிடிஎஃப் வந்துவிட்டால், மாற்றும் வேலை உங்கள் கருவிக்குள்ளேயே நடந்திருக்கிறது. நெட் இல்லாத நேரத்தில் சர்வர் எதையும் செய்து கொடுத்திருக்க முடியாது.

4. நெட்டை மறுபடி போடுவதற்கு முன் இன்காக்னிட்டோ விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். இது முக்கியம். நெட் திரும்பி வந்ததும் தகவலை அனுப்புவதற்காக வரிசையில் வைத்துக்கொள்ளும் வசதி இணையப் பக்கங்களுக்கு உண்டு. விண்டோவை மூடினால் அந்த வாய்ப்பும் போய்விடும். டவுன்லோட் ஆன பிடிஎஃப் அழியாது, உங்களிடமே இருக்கும்.

நெட்டை அணைத்ததும் டூல் வேலை செய்யாமல் நின்றுவிட்டால்? உடனே 'திருட்டுத்தனம்' என்று முடிவு கட்ட வேண்டாம். சில நேர்மையான டூல்கள்கூட, தேவையான நிரலின் ஒரு பகுதியை பட்டனை அழுத்திய பிறகுதான் இறக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் லேப்டாப்பில் இரண்டாவது சோதனையைச் செய்யலாம்.

குரோம், எட்ஜ் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு படத்தைப் போடுங்கள். பக்கம் வெளியே அனுப்பும், உள்ளே வாங்கும் கோரிக்கைகள் அங்கே வரிசையாக வரும். அதில் 'போஸ்ட்' அல்லது 'புட்' வகைக் கோரிக்கைகளைத் தேடுங்கள். அதைக் கிளிக் செய்து, கோரிக்கைக்கான தலைப்பு விவரங்களில் 'கன்டென்ட்-லெங்த்' என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் படம் 3 எம்.பி. என்றால், அந்த எண்ணும் 30 லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால், படம் போய்விட்டது என்று அர்த்தம். பெரிய ஃபைல்களைத் துண்டு துண்டாக அனுப்பும் தளங்களும் உண்டு. அப்போது ஒன்றுக்குப் பதில் பல போஸ்ட்கள் வரிசையாகத் தெரியும்.

பலர் தவறாகப் பார்ப்பது பட்டியலில் முன்னால் தெரியும் 'சைஸ்' என்ற பத்தியை. அது சர்வரிலிருந்து வரும் பதிலின் அளவு. நீங்கள் அனுப்பியதன் அளவு அங்கே தெரியாது. அதேபோல, சில நூறு பைட் அளவில் அடிக்கடி போகும் சின்ன கோரிக்கைகளைக் கண்டு பதற வேண்டாம். அவை பெரும்பாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ்.

ஒரு தளம் இன்று தேறிவிட்டது என்பதற்காக நாளையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் நிரலை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் நல்ல பழக்கம், முக்கியமான ஆவணங்களை ஒவ்வொரு முறையும் நெட்டை அணைத்துவிட்டே மாற்றுவது.

எவையெல்லாம் ஆதாரம் ஆகாது?

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு: உங்கள் கருவிக்கும் சர்வருக்கும் இடையே வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இன்காக்னிட்டோ: உங்கள் பிரௌசரில் ஹிஸ்டரி தங்காது. அப்லோடை அது தடுக்காது. ஆனால் இதில் வேறு ஒரு நன்மை இருக்கிறது. குரோமில் இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாகவே வேலை செய்யாது. 'எல்லா இணையதளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கலாம்' என்ற அனுமதியை என்றோ ஒருநாள் வாங்கி வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களிடமிருந்து இது காப்பாற்றும்.

'100 சதவீதம் பாதுகாப்பானது' என்ற பேட்ஜ்: அது ஒரு படம். யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

இணையதளமே வேண்டாம் என்றால்?

உண்மையில் பல நேரம் இணையதளமே தேவைப்படாது. வேண்டிய வசதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

விண்டோஸ் 10, 11: படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'பிரிண்ட்' கொடுங்கள். விண்டோஸ் 11-ல் அது 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கலாம். பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே பிடிஎஃப் ஆகிவிடும். கீழே இருக்கும் 'ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்' டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். மதிப்பெண் பட்டியலில் பதிவு எண் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மேக்: படங்களை 'பிரிவ்யூ' செயலியில் ஒன்றாகத் திறந்து, பக்கவாட்டில் வரிசைப்படுத்தி, பிரிண்ட் பெட்டியிலிருந்து பிடிஎஃப்-ஆகச் சேமிக்கலாம்.

ஐபோன்: படங்களை 'ஃபைல்ஸ்' செயலியில் சேமித்து, வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் 'கிரியேட் பிடிஎஃப்' கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு: கேலரியில் படத்தைத் திறந்து 'பிரிண்ட்' கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுக்கலாம். சில செயலிகளில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் முடியும். கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதி பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். ஆனால் அது உங்கள் டிரைவ் கணக்கில்தான், அதாவது கூகுளின் சர்வரில்தான் சேமிக்கப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

பிரிண்ட்டும் நன்றாக வர வேண்டும், 2 எம்.பி.-யும் தாண்டக் கூடாது

ஏ4 தாளின் அளவு 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். நல்ல பிரிண்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 300 டிபிஐ-யில் அது 2480 x 3508 பிக்சல். 150 டிபிஐ-யில் 1240 x 1754 பிக்சல். இப்போதைய 12 மெகாபிக்சல் போன் கேமரா சாதாரணமாகவே 3000 x 4000 பிக்சல் படம் தருகிறது. அதாவது தேவைக்கு மேலேயே நம்மிடம் இருக்கிறது. சிக்கல் குறைப்பதில்தான்.

கணக்குப் போடுவோம். 2 எம்.பி. என்றால் 2048 கே.பி. அதை 11 பக்கங்களுக்குப் பிரித்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 186 கே.பி. திரையில் படித்துச் சரிபார்க்க 150 டிபிஐ போதும். மதிப்பெண் பட்டியல், சம்பளச் சீட்டு போன்றவற்றுக்கு நிறம் தேவையில்லை என்றால் கிரேஸ்கேல் ஆக்கினால் இன்னும் குறையும். போட்டோவாக எடுத்ததை பிஎன்ஜி வடிவத்தில் சேமிக்காதீர்கள். பிஎன்ஜி ஒரு பிக்சலைக்கூட விட்டுக்கொடுக்காமல் சேமிக்கும் வடிவம். போட்டோக்களில் அளவு பல மடங்கு ஏறிவிடும். அதேபோல, பிடிஎஃப் ஆன பிறகு அதைச் சுருக்க இன்னொரு இணையதளத்தைத் தேடுவதைவிட, படங்களை முதலில் சின்னதாக்கிவிட்டு பிடிஎஃப் ஆக்குவது நல்லது. இல்லையென்றால் முதல் தளத்தில் காப்பாற்றியதை இரண்டாவது தளத்தில் கொடுத்துவிடுவோம்.

ஆதார், பான் அட்டைகளை ஏ4 முழுக்க நிரப்பாதீர்கள். அட்டையின் நிஜ அளவு சுமார் 85.6 x 54 மி.மீ. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே தாளில், கொஞ்சம் பெரிதாக வைத்தால் போதும். ஒரு பக்கம் மிச்சம், அளவும் குறையும். எல்லாப் பக்கங்களிலும் ஓரத்தில் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். அலுவலக பிரிண்டர்கள் பலவும் தாளின் விளிம்பு வரை அச்சடிக்காது.

பிரௌசர் டூல்களில் அடிக்கடி வரும் மூன்று தொல்லைகளும் அவற்றின் காரணங்களும்:

படம் படுத்துக்கொள்கிறது. போனைப் பிடித்த திசையை கேமரா படத்துக்குள் ஒரு குறிப்பாக எழுதிவைக்கும். கேலரி அந்தக் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டும். பிடிஎஃப் அதைக் கண்டுகொள்ளாது. படத்தைக் கேலரியில் ஒருமுறை எடிட் செய்து சேமித்தாலோ, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் பயன்படுத்தினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

டேப் திடீரென்று மூடிக்கொள்கிறது. 12 மெகாபிக்சல் படம் ஃபைலாக 3 எம்.பி. இருந்தாலும், நினைவகத்தில் விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்.பி. பிடிக்கும். 11 படங்களை ஒன்றாக விரித்தால் 500 எம்.பி.-யைத் தாண்டும். பழைய போன் திணறத்தான் செய்யும். நான்கு நான்கு படமாகப் போடுங்கள்.

ஐபோன் படத்தை டூல் ஏற்க மறுக்கிறது. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை எச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. எல்லா பிரௌசர்களுக்கும் அதைத் திறக்கத் தெரியாது. கேமரா செட்டிங்ஸில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் அடுத்து எடுக்கும் படங்கள் ஜேபிஜி-யாக வரும்.

பிடிஎஃப்-க்குள் ஒட்டிக்கொண்டு போகும் விஷயங்கள்

அப்லோட் ஆகாமல் பார்த்துக்கொண்டீர்கள். ஆனால் கடைசியில் அந்த பிடிஎஃப்-ஐ யாருக்கோ அனுப்பத்தானே போகிறீர்கள்? அதற்குள் என்னென்ன போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இடம்: கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஜேபிஜி-யை அப்படியே பிடிஎஃப்-க்குள் வைக்கும் டூல்களில் இந்தத் தகவலும் உள்ளே போகும். பெரும்பாலும் அது உங்கள் வீடாகத்தான் இருக்கும். ஆவணங்களைப் படம் எடுக்கும்போது கேமராவில் லொகேஷனை ஆஃப் செய்துவிடுங்கள்.

வெட்டிய பகுதி: 2023-ல் 'அக்ரோபலிப்ஸ்' என்ற குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது. கூகுள் பிக்சல் போன்களின் 'மார்க்அப்' கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து, வெட்டி எறிந்த பகுதியின் ஒரு பங்கை மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே போன்ற குறை இருந்தது. இரண்டும் பிறகு சரிசெய்யப்பட்டன. ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்களுக்கு அது உதவாது.

கறுப்புப் பட்டை: பிடிஎஃப் ஆன பிறகு எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால், பல எடிட்டர்களில் அது ஒரு தனி அடுக்காகத்தான் இருக்கும். பெட்டியை நகர்த்தினால் எண் தெரிந்துவிடும். மறைக்க வேண்டியதைப் படமாக இருக்கும்போதே மறைத்து, சேமித்து, பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். ஹைலைட்டர் வேண்டாம், பலமுறை தேய்த்தாலும் கொஞ்சம் ஊடுருவித் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் படித்துவிடலாம். ஆதாருக்கு இந்த வேலையே வேண்டாம். ஆணையத்தின் தளத்திலிருந்தே மாஸ்க்டு இ-ஆதாரை டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

பாஸ்வேர்டு: இ-ஆதார் பிடிஎஃப்-ன் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம். ஆவணக் கட்டுக்கு நீங்கள் பாஸ்வேர்டு போடும்போது இந்தப் பாணியைப் பின்பற்றாதீர்கள். மெயிலில் ஃபைலை அனுப்பினால், பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள்.

சட்டம் துணைக்கு வருமா?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டு நிறுவனங்களையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். காகிதத்தில் இது பலமான சட்டம்தான். ஆனால் முகவரியோ, நடத்துபவர் பெயரோ இல்லாத ஓர் இலவச கன்வெர்ட்டர் தளத்துக்கு எதிராகப் புகார் கொடுத்து முடிவு காண்பது சுலபமில்லை.

இதில் நம் அலுவலக வேலைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எச்.ஆர், ஆடிட்டர் அலுவலகம், வங்கி, இன்ஷூரன்ஸ் என்று எங்கே வேலை செய்தாலும், வாடிக்கையாளரின் ஆவணத்தை அவசரத்துக்கு முன்பின் தெரியாத தளத்தில் போட்டால், சட்டத்தின் பார்வையில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் நிறுவனம். நிறுவனம் அடுத்து உங்களைத்தான் கேட்கும்.

ஏற்கெனவே அப்லோட் பண்ணியாச்சு. இப்போ என்ன செய்யலாம்?

போனதைத் திரும்ப எடுக்க முடியாது. அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறதா என்று கண்காணிக்க முடியும்.

ஆதார் தளத்தில் அல்லது எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் அங்கேயே பார்க்கலாம்.

சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணித்ததாகிவிடும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பான் எண்ணில் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

எச்.ஆரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். 2015-ல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் சான்றிதழ் வழங்கிய அமைப்பே நேரடியாகச் சேர்த்த ஆவணங்கள் அசலுக்குச் சமமாக ஏற்கப்பட வேண்டியவை. அவற்றைப் போட்டோ எடுத்து மாற்றும் வேலையே இல்லை. 11 படங்களில் நான்கைந்து அப்படியே குறைந்துவிடலாம். மிச்சம் இருப்பதை, நெட்டை அணைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் பிடிஎஃப் ஆக்கிவிடலாம். மாலைக்குள் அனுப்பிவிடவும் நேரம் இருக்கும்.